குச்சியில் நின்ற குறுவைச் சோறு

“…காக்கா கூட இதுல மூக்கை வைக்காது. இதையா அந்த மனுசனுக்கு வைக்கப் போறீங்க? சோறா இது? பசை! சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். இது எங்க மில்லு அரிசின்னு வெளியில ஒரு வார்த்தை போச்சு, அப்புறம் நான் கீழவாசல் கடைத்தெருவுல தலைகாட்ட முடியாது, சொல்லிட்டேன்!”

என் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு இப்படிச் சத்தம் போட்டவர் கோவிந்தராஜன். தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர். இடம், நான் காலைப் பலகாரம் செய்துகொண்டிருந்த ஓட்டலின் சமையலறை. வெளியே ஐப்பசி மழை. உள்ளே, என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் வேண்டுமென்றே குழையவிட்ட சோறு. எங்கள் இருவருக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார் எங்கள் தலைமைச் சமையல்காரர் மைக்கேல் சார்.

அந்தக் காலையைப் பற்றி எழுதச் சொல்லித்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் கோயில் கோபுரம் மாதிரி வெள்ளைத் தொப்பி. ஒரு பெண் எழுந்து, “சார், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான பிரேக்ஃபாஸ்ட் எது சார்?” என்று கேட்டாள்.

“வெறுஞ்சோறு தாயி” என்றேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. “அப்ப அதை எழுதிக் குடுங்க, எங்க காலேஜ் மலர்ல போடுறோம்” என்று பிடித்துக்கொண்டாள். எனக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். இலையில் உட்கார்ந்தாயிற்று, வைக்கிறதைச் சாப்பிடுங்கள்.

நான் மயிலாடுதுறைப் பக்கம். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிபன் கடையில் மாவாட்டப் போனேன். ஆட்டுக்கல்லிலிருந்து இட்லிப் பானை, இட்லிப் பானையிலிருந்து தோசைக்கல். மீசை முளைத்த கையோடு கல்லுக்கு வந்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பிறகு தொண்ணூறுகள் வந்தன. நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தக் கதவு வழியாக வெளியே போனார்கள். துபாய், தோஹா, சிங்கப்பூர். அதே கதவு வழியாக உள்ளே வந்தவர்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு பழைய லாட்ஜ், ஏசி மாட்டிக்கொண்டு, பெயரையும் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டு ஓட்டலானது. நல்ல இட்லி மாஸ்டர் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் வருகிறவர்களில் இட்லி கேட்பவர்கள் பாதிப்பேர் கூட இல்லை. மீதிப்பேருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர் அந்தச் சமையலறையில் ஒரே ஒருவர்தான், மைக்கேல் சார்.

நாகப்பட்டினத்துக்காரர். கப்பலில் சமையல்காரராக ஊர் ஊராகப் போய்வந்தவர். மெலிந்த உடம்பு. எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மற்ற தலைமைச் சமையல்காரர்கள் வெளியே போகிற தட்டைப் பார்ப்பார்கள், இலையைத் திருப்பி வை, சட்னியைத் துடை என்பார்கள். இவர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, சாப்பிட்டுத் திரும்பி வருகிற தட்டைப் பார்ப்பார்.

“போற தட்டு பொய் சொல்லும் பக்கிரி. வர்ற தட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்பார் என்னிடம்.

அந்த முக்காலியில் உட்கார்ந்தபடி அவர் தட்டுப் படிப்பது ஜோசியர் கைரேகை பார்ப்பது மாதிரி இருக்கும். “மஞ்சக்கருவை ஒதுக்கி வெச்சிருக்காங்க. முட்டை வெந்துபோச்சு. நாளைக்கு முன்னாடியே எடு.” “ரொட்டி ஓரத்தைத் தின்னுட்டு நடுவை விட்டிருக்கார். இவருக்கு மொறுமொறுன்னு வேணும், கேக்க வெக்கப்படுறார்.” மறுநாள் அந்த ஆளுக்கு ஓரம் கருகக் கருக ரொட்டி போகும். தட்டு வெறுமையாகத் திரும்பும். மைக்கேல் சார் “ம்” என்பார். அந்த “ம்”முக்குத்தான் நாங்கள் வேலை பார்த்தோம்.

உலகத்துக் காலைகளை எல்லாம் நான் அந்தத் தொட்டிக்கரையில்தான் படித்தேன். பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் காப்பியைக் கிண்ணத்தில் கேட்டார். பாயசக் கிண்ணத்தில் கொடுத்தோம். ரொட்டியை அதில் முக்கி முக்கிச் சாப்பிட்டார். எங்களில் ஒருவன் சிரித்தான். “ஏன்டா, நீ டீயில பொறையை நனைச்சுத் திங்கும்போது உன்னைப் பார்த்து யாரு சிரிச்சா?” என்று கேட்டேன். ஜெர்மன்காரர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சைக் காய், எல்லாம் ஆறினது. எங்கள் தோசை மாஸ்டர் செல்வம் வியந்துபோனான்: “அடுப்பே பத்தவைக்காம ஒரு பலகாரமா! அந்த ஊருப் பொம்பளைங்க குடுத்துவெச்சவங்கண்ணே.” இங்கிலீஷ்காரர்கள் தக்காளிச் சாற்றில் வெந்த பயற்றை ரொட்டி மேல் ஊற்றிக் கேட்பார்கள். எனக்குக் கை சும்மா இருக்காதே. ஒருநாள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டேன். தட்டு வழித்துத் திரும்பி வந்தது. மைக்கேல் சார் முறைத்தார். ஆனால் “ம்” வந்தது.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள மலேசியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, காலையில் தேங்காய்ப்பால் சோறும், பொரித்த நெத்திலியும், மிளகாய்ச் சம்பலும் வாழை இலையில் வைத்துக் கேட்டது. அவர்கள் பாட்டன் காலத்தில் கப்பலேறியவர்கள். நம் தேங்காயும் நம் நெத்திலியும்தான். போன இடத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தன. இப்போது செல்வம் தோஹாவில் இருக்கிறான். “அண்ணே, இங்க காலையில மொச்சையை மசிச்சு எண்ணெய் ஊத்தித் திங்கிறாங்கண்ணே, நல்லாத்தான் இருக்கு” என்று போன் பண்ணுகிறான். “தட்டு எப்படித் திரும்புது?” என்று கேட்பேன். அதைத்தான் கேட்பேன்.

சரி, சோற்றுக்கு வருகிறேன்.

கோவிந்தராஜன் தன் ஆலைக்கு ஜப்பானிலிருந்து நவீன எந்திரம் ஒன்றை வரவழைத்திருந்தார். அரிசியைத் தீட்டி, அதில் கறுத்ததைப் பார்த்துப் பொறுக்கித் தள்ளும் எந்திரம். பெட்டி பெட்டியாக வந்து தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஜப்பானிலிருந்து தனாகா என்று ஒருவர் வந்து எங்கள் ஓட்டலில் தங்கினார். நரைத்த தலை, அமைதியான மனிதர். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். யாரைப் பார்த்தாலும் இடுப்பு வரை வளைந்து வணங்குவார். எங்கள் வாசல்காரர் பதிலுக்கு வளைந்து வளைந்து அவருக்கு முதுகுப் பிடிப்பே வந்துவிட்டது.

ரொட்டி வைத்தோம், ஆம்லெட் வைத்தோம், இட்லி வைத்தோம். எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு நன்றி சொல்லிப் போவார். இடுப்பு பெல்ட்டில் ஓட்டை உள்ளே உள்ளே போனது. மைக்கேல் சார் ஒருநாள் மேஜைக்கே போய்க் கேட்டார். அவர் தயங்கி, குரலை இறக்கி, “மார்னிங்… ரைஸ்… சாரி” என்றார். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி.

எங்கள் சமையலறைக்கும் அது கேட்கக்கூடாததாகத்தான் இருந்தது. இந்தச் சீமையில் காலைச் சோறு என்றால் பழையது. நடவுக்குப் போகிறவர்கள் கரைத்துக் குடித்துவிட்டுப் போவது. வந்த விருந்தாளிக்குக் காலையில் சோறு வைத்தால், வீட்டில் வேறு ஒன்றும் இல்லை, எழுந்து போ என்று அர்த்தம். “கப்பல்ல பார்த்திருக்கேன். அவங்க ஊருக் காலை அது. சோறு, மீனு, உப்புல ஊறின காயி, ஒரு சாறு” என்றார் மைக்கேல் சார். “வை.”

வைத்தேன். விருந்தாளி ஆயிற்றே என்று இருப்பதிலேயே பழசான பொன்னி அரிசியை எடுத்தேன். புது அரிசி குழையும், பழைய அரிசி மலரும். தஞ்சாவூரில் அரிசிக்கு வயதாக ஆகத்தான் மரியாதை. பொங்கி, கஞ்சியை ஒட்ட வடித்து, இலையில் பரப்பி ஆற்றி, பருக்கையோடு பருக்கை பேசாதபடி ஒரு சொட்டு நெய்யும் தடவினேன். மல்லிகைப்பூ தோற்றது. நானே நின்று ரசித்தேன்.

தனாகா தன் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து, அவர்கள் ஊரில் சாப்பிடுகிற குச்சிகள் இரண்டை வெளியே எடுத்தார். சோற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குச்சியை வைத்தார். சோறு விழுந்தது. மறுபடி வைத்தார். நெய் வழுக்கி விழுந்தது. கொக்கு மீன் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு பருக்கையாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பி வணங்கிவிட்டு எழுந்துபோனார்.

கிண்ணம் திரும்பி வந்தது. மைக்கேல் சார் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மேஜைவிரிப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பருக்கைகள் இறைந்து கிடந்தன. சர்வரிடம் இரண்டு பென்சில் வாங்கி, என் சோற்றை அள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம் பென்சில்களை நீட்டி, “நீ எடு பார்க்கலாம்” என்றார். ஒரு பருக்கை வரவில்லை.

“பக்கிரி, நீ சோறு வடிக்கலை. மணல் வடிச்சிருக்க.”

“ஸ்பூன் இருக்குதே சார்?” என்றான் செல்வம்.

“இருக்கு. உங்க வீட்டுச் சோத்தை உன் கையைக் கட்டிப்போட்டு ஸ்பூன்ல குடுத்தா, எத்தனை நாளைக்குத் திம்பே?”

அன்று சாயங்காலம் கோவிந்தராஜன் குடையை மடக்காமலே உள்ளே வந்துவிட்டார். “மைக்கேல் சார், ஆளு கெளம்புறேங்கறாரு. உடம்பு தாங்கலையாம், மெட்ராஸ் போறாராம். வேற ஆளை அப்புறமா அனுப்புவாங்களாம். அப்புறம்னா எப்ப? தையில சம்பா நெல்லு வந்து வாசல்ல நிக்கும். பழைய மெசினை நம்பி அதை அரைச்சுத் தர ஒப்புக்க முடியாது. இப்பவே டீக்கடையில என்ன பேசுறாங்க தெரியுமா? ‘கோவிந்தராஜன் மெசினு வாங்கலைப்பா, ஜப்பான்லேர்ந்து பெட்டி வாங்கியிருக்காரு’ன்னு சிரிக்கிறாங்க.” அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் பொத்தென்று விழுந்தது. “ஊருக்கே சோறு போடுற தஞ்சாவூருல ஒருத்தருக்குச் சோறு போட முடியலையா சார் நம்மால?”

மைக்கேல் சார் என்னைப் பார்த்தார். “எந்த அரிசிடா குழையும்?”

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் கைக்குழந்தை கூடப் பதில் சொல்லும். “புது அரிசி சார். அதுவும் குறுவைக் குண்டு. புழுக்காத பச்சரிசியா இருந்தா இன்னும் குழையும்.” குட்டையும் உருண்டையுமாக இருக்கும் அந்த அரிசியை நாங்கள் இட்லிக்குப் போடுவோம். சோற்றுக்கு யாரும் தொட மாட்டார்கள்.

“முதலாளி, இப்ப அறுத்த குறுவை உங்ககிட்ட இருக்குமே. பச்சையா அரைச்சுக் குடுங்க” என்றார் மைக்கேல் சார்.

கோவிந்தராஜனுக்கு முகம் சிவந்தது. “என்ன சார் விளையாடுறீங்களா? ஈர நெல்லு அது. நான் பழைய அரிசியைத் தவிர வேற எதையும் இந்த ஊர்ல வித்ததில்ல. எங்கப்பா வித்ததில்ல. ஓட்டல் நொடிச்சுப் போச்சா?”

“ஓட்டல் நல்லாத்தான் இருக்கு. உங்க ஆளுதான் மெலிஞ்சுபோறாரு.”

கோவிந்தராஜன் அப்போதுதான் குடையை மடக்கினார். “தர்றேன். ஆனா எங்கேயிருந்து வந்துச்சுன்னு உசுரே போனாலும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.” மைக்கேல் சார் சிலுவை போட்டுக்கொண்டார். நான் என் தலையில் கைவைத்தேன். மறுநாள் இருட்டோடு இருட்டாக, பெயர் அச்சடிக்காத வெறும் சாக்கில் அரிசி பின்வாசல் வழியாக வந்தது. பின்னாலேயே கோவிந்தராஜனும் வந்தார், நிம்மதியாக வீட்டில் இருக்க முடியாமல்.

இந்தப் பிள்ளைகளுக்காக, அதைச் செய்த விதத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அரிசியைக் கழுவக் கழுவத் தண்ணீர் பால் மாதிரி வரும். தெளியும் வரை கழுவ வேண்டும். தெளிந்த பிறகு ஊற வைக்க வேண்டும். அப்புறம் அடி கனத்த பானையில் போட்டு, அரிசிக்கு மேல் ஒரு விரல்கணு தண்ணீர். மூடியைப் போட்டு அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றினோம். கொதி வந்ததும் தீயைக் குறைத்தோம். அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. அதுதான் எனக்கு வராதது. சோறு கொதிக்கிற சத்தம் கேட்டதும் என் கை தானாக வடிதட்டைத் தேடிப் போனது. மைக்கேல் சார் மணிக்கட்டைப் பிடித்தார். “வடிக்காதே.” “திறந்து ஒரு பருக்கை மட்டும் நசுக்கிப் பார்க்கிறேன் சார்.” “திறக்காதே.” “அடி பிடிக்கும் சார்.” “பிடிக்கட்டும்.” அடுப்பை அணைத்த பிறகும் திறக்க விடவில்லை. பிள்ளை பெறும் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மூன்று பேரும் பானையைச் சுற்றி நின்றோம்.

மீன் நாகப்பட்டினத்திலிருந்து வந்த அயிலை. உப்பைத் தவிர ஒன்றும் தடவக்கூடாது என்பது உத்தரவு. என் கையை நம்பாமல் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊர்ச் சாற்றுக்கான விழுது இங்கே கிடைக்காது. “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி செய்யக் கூடாது” என்று அதை விட்டுவிட்டு, மீன் தலையை வேகவைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்தார். உப்பில் ஊறின காய்க்குத்தான் என்ன செய்வது என்று யோசித்தார். என் மனைவி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த நார்த்தங்காய் வீட்டில் ஜாடி நிறைய இருந்தது. கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். மைக்கேல் சார் ஒரு துண்டை வாயில் போட்டார். ஒரு கண்ணை மூடினார். “ம்” என்றார். நார்த்தங்காய்க்கு முதல் “ம்”.

பிறகுதான் குழவியை இறக்கி, மூடியைத் திறந்தேன். பருக்கை ஒன்றோடொன்று தோள் மேல் கைபோட்டுக்கொண்டு பளபளவென்று இருந்தது. அப்போதுதான் கோவிந்தராஜன் பானைக்குள் தலையைவிட்டு, காக்கா மூக்கு வைக்காது என்று கத்தினார். மைக்கேல் சார் மறுபடி அந்தப் பென்சில்களை எடுத்து, ஒரு கவளம் அள்ளித் தூக்கிக் காட்டினார். விழவில்லை.

எந்திரம் ஓடியதா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். ஓடியது. தனாகா மெட்ராஸ் போகாமல் இருந்து பூட்டிக் கொடுத்தார். தையில் சம்பா நெல் வந்தபோது அதன் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. டீக்கடைக்காரர்களே போய் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் எனக்கு அந்தக் கதை அன்று காலை சாப்பாட்டுக் கூடத்திலேயே முடிந்துவிட்டது.

தனாகா வந்து உட்கார்ந்தார். மெட்ராஸ் கிளம்பப் பெட்டியோடுதான் வந்திருந்தார். கிண்ணத்தை வைத்தேன். ஆவியை முகத்தில் வாங்கினார். குச்சியை விட்டு எடுத்தார். சோறு குச்சியில் நின்றது. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நார்த்தங்காயைக் கடித்தவர் புளிப்பில் தோளைக் குலுக்கி, அங்கே வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கிண்ணத்தை வாய்க்குக் கிட்டே தூக்கிக்கொண்டார். பசித்தவன் சாப்பிடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தபோது ஒரு பருக்கை இல்லை. தொட்டிக்கரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் மைக்கேல் சார் அங்கேயே “ம்” என்றார்.

தனாகா எழுந்து வளைந்து வணங்கினார். “இந்த ஊர் சோறு நன்றாக இருக்கிறது. யாருடைய அரிசி?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

மைக்கேல் சார் என்னைப் பார்த்தார், நான் கையிலிருந்த சோற்றுப் பானையைப் பார்த்தேன். சத்தியம் சத்தியம்தானே. “ஒரு ஃப்ரெண்டு குடுத்தது சார்” என்று மென்று விழுங்கினார். தனாகா விடவில்லை. அரிசிக்காரர் அல்லவா, “எந்த மில்?” என்று மறுபடி கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கோவிந்தராஜன் வெளியே வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்க, நேரே அந்த மேஜைக்கு நடந்துபோய் நெஞ்சில் கையை வைத்தார்.

“மை மில்லு சார். மை ரைஸ்.”

சற்று முன் பசை என்று கத்தியவர், அப்படியே திரும்பி வந்து, என் கையிலிருந்த பானையையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டு போய், அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சோறாகப் பார்த்துச் சுரண்டி, தன் கையாலேயே அவர் கிண்ணத்தில் வைத்தார்.